விழுந்ததால் நோயா, நோயால் விழுந்ததா? எம்.எஸ். பற்றிய இருநூறு ஆண்டு வாதம்

1822ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பேரன் ஒருவர், ராம்ஸ்கேட் என்ற கடற்கரை ஊரிலிருந்து ஸ்காட்லாந்து மலைநாட்டுக்குப் பயணப்பட்டார். பெயர் அகஸ்டஸ் டெஸ்டே. வயது 28. மன்னரின் பேரன்தான், ஆனால் பட்டம் கிடையாது. தகப்பனார் இளவரசர்; மன்னரின் சம்மதம் இல்லாமல் செய்துகொண்ட கல்யாணம் என்பதால் 1772ஆம் ஆண்டு ராஜகுடும்பத் திருமணச் சட்டப்படி அது செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பிள்ளை தந்தை ஸ்தானத்தில் வைத்து நேசித்த ஓர் உறவினர் ஸ்காட்லாந்தில் இருந்தார். அவரோடு சில நாள் தங்கலாம் என்று போனால், போய்ச் சேர்ந்தபோது அந்த மனிதர் உயிரோடு இல்லை.

சவ அடக்கத்துக்குப் பெரிய கூட்டம். நாலு பேர் முன்னால் அழக்கூடாது என்று டெஸ்டே பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. அதற்குப் பின் கொஞ்ச நாளில் கண் மங்கியது. கடிதங்களை இன்னொருவர் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது, பதிலையும் இன்னொருவர் எழுத வேண்டியிருந்தது. பிறகு மருந்து மாயம் எதுவும் இல்லாமலே பார்வை திரும்பியது. ‘சரியாப் போச்சு’ என்று இருந்தார். 1826ல் மறுபடியும் கண். 1827ல் இத்தாலியில் பிளாரன்ஸ் நகரில் ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்தது. பித்தம் என்று சொல்லி அட்டை விட்டு ரத்தம் எடுத்தார்கள். கண் தேறியது, கால் பலம் போயிற்று. இப்படி வருவதும் போவதுமாக இருந்து, கடைசியில் போவது நின்று இருப்பது மட்டும் மிஞ்சியது. சக்கர நாற்காலிக்கு வந்து, 1848ல் காலமானார். தன் உடம்பில் நடந்ததை எல்லாம் அவர் நாட்குறிப்பாக எழுதி வைத்திருந்தார். அது சரியாக நூறு ஆண்டு கழித்து, 1948ல், டக்ளஸ் ஃபர்த் என்ற மருத்துவர் மூலம் புத்தகமாக வந்தது. படித்த நரம்பியல் மருத்துவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. இது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்.

தமிழில் ‘தண்டுவட மரப்பு நோய்’ என்று எழுதுகிறார்கள். மூளையும் கண் நரம்பும் அந்தப் பெயரில் விட்டுப்போகின்றன. அதனால் நோயாளிகளின் குடும்பங்கள் சொல்கிற மாதிரி எம்.எஸ். என்றே இந்தக் கட்டுரையில் எழுதுகிறேன். கரண்ட் வயருக்கு மேலே ரப்பர் உறை இருப்பதுபோல நம் நரம்பிழைகளுக்கு மையலின் என்ற கொழுப்புறை உண்டு. உடம்பைக் காக்க வேண்டிய ரத்த வெள்ளணுக்களே மூளைக்குள்ளும் தண்டுவடத்துக்குள்ளும் புகுந்து அந்த உறையை அங்கங்கே அரித்துவிடுகின்றன. அரித்த இடம் தழும்பாகிறது. எந்த இடத்தில் தழும்பு விழுகிறதோ அதற்கேற்ற தொந்தரவு: ஒருவருக்குக் கண், ஒருவருக்குக் கால், இன்னொருவருக்குச் சிறுநீர் அடங்காமை. பெரும்பாலும் 20 வயதிலிருந்து 40 வயதுக்குள் ஆரம்பிக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

டெஸ்டே தன் கண்நோயை அந்தத் துக்க நாளிலிருந்துதான் எழுதத் தொடங்குகிறார். அழுகையை அடக்கியதுதான் கண்ணில் இறங்கியதா? இந்தக் கேள்வியை நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் யோசிக்காமல் ஆமாம் என்பார்கள். 1868ல் பாரீஸ் சல்பேட்ரியேர் மருத்துவமனையில் இந்நோய்க்கு முதன்முதலில் தெளிவான உருவம் கொடுத்த ழான் மார்ட்டின் ஷார்கோவும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். நெடுநாள் துயரம், மன உளைச்சல், வாழ்க்கையில் நிலை தாழ்ந்துபோவது, ஈரக்குளிரில் கிடப்பது எல்லாவற்றையும் அவர் காரணங்களின் வரிசையில் வைத்தார். ஆனால் அவர் எங்கே உட்கார்ந்து பார்த்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். சல்பேட்ரியேர் ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்கள் அடைபட்டிருந்த இடம். அங்கே துயரம் இல்லாத நோயாளியை எங்கே போய்த் தேடுவது?

நான் மும்பையில் ஒரு பொதுத்துறை இன்ஷூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் பிரிவில் 31 வருடம் குப்பை கொட்டியவன். ‘இதற்குப் பிறகு அது நடந்தது’ என்பதற்கும் ‘இதனால் அது நடந்தது’ என்பதற்கும் நடுவில் உள்ள பள்ளத்தில்தான் எங்கள் பிழைப்பே ஓடியது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நம் ஊரில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறோம். எம்.எஸ். விஷயத்தில் அந்தக் காக்கையைக் கூண்டில் ஏற்றி விசாரித்து முடிக்க மருத்துவ உலகத்துக்கு நூறு வருடத்துக்கு மேல் பிடித்தது. விசாரணை முழுசாக முடிந்தது என்றும் சொல்ல முடியாது.

முதலில் அடி, காயம். தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டங்களும் உலகப்போர் பென்ஷன்களும் வந்த பிறகு, காயத்தால் எம்.எஸ். வருமா என்பது வெறும் மருத்துவக் கேள்வியாக இல்லாமல் பணக் கேள்வியாகவும் ஆகிவிட்டது. 1952ல் லண்டனில் டக்ளஸ் மக்கால்பைன், நைஜல் காம்ப்ஸ்டன் என்ற இருவர் தங்கள் நோயாளிகளை விசாரித்து, நோய் தொடங்குவதற்கு முந்தைய மூன்று மாதத்தில் அடிபட்டவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருக்கிறார்கள் என்று எழுதினார்கள். அடிபட்ட இடத்துக்கும் முதல் தொந்தரவு வந்த இடத்துக்கும் தொடர்பு இருப்பதுபோலவும் தெரிந்தது. வக்கீல்கள் இதைப் பல காலம் பிடித்துக்கொண்டார்கள்.

இதில் ஒரு சிக்கல். தீராத நோய் வந்த மனுஷன் ‘எனக்கு ஏன் இது வந்தது’ என்று ராத்திரி பகலாக ஞாபகத்தைத் துழாவிக்கொண்டிருப்பான். போன வருஷம் வழுக்கி விழுந்தது, முந்தாநாள் பரணிலிருந்து பெட்டி தலையில் விழுந்தது எல்லாம் ஞாபகத்துக்கு வரும். நோய் இல்லாதவனைக் கேட்டால் ‘அப்படி ஒண்ணும் இல்லையே சார்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். அவனும் விழுந்திருப்பான், மறந்திருப்பான். ஆக, பின்னாலிருந்து கேட்டால் பதில் கோணலாகத்தான் வரும். முன்னாலிருந்து பின்தொடர வேண்டும்.

அதைச் செய்தவர்கள் அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் சிப்லியும் அவர் குழுவினரும். 170 எம்.எஸ். நோயாளிகளையும் 134 ஆரோக்கியமானவர்களையும் 8 ஆண்டு விடாமல் தொடர்ந்து, விழுந்தது, எலும்பு முறிந்தது, ஆபரேஷன், பல் பிடுங்கியது, கார் இடித்தது என்று எல்லாவற்றையும் அவ்வப்போது எழுதிக்கொண்டே வந்தார்கள். மொத்தம் 1,407 காயங்கள். 1991ல் முடிவு வெளியானது. காயத்துக்குப் பிறகு நோய் கூடுதலாகத் தாக்கியதாகவோ வேகமாக முற்றியதாகவோ தெரியவில்லை. மின் அதிர்ச்சி பட்ட சிலரிடம் மட்டும் ஏதோ இருக்கலாம் என்று ஒரு சின்னச் சந்தேகம். இதைவிட முக்கியமாக எனக்குப் பட்டது வேறு: நோயாளிகள் ஆரோக்கியமானவர்களைவிட அதிகமாக அடிபட்டிருந்தார்கள். கால் தடுமாறுகிறவர்கள் விழத்தானே செய்வார்கள்! அம்பு எந்தப் பக்கம் பாய்கிறது என்பதே தலைகீழாகிவிட்டது. 1993ல் மேயோ க்ளினிக்கிலிருந்து வந்த ஆய்வும் தலைக்காயத்தை விடுவித்தது. 1999ல் அமெரிக்க நரம்பியல் அகாதமியின் குழு எல்லா ஆய்வுகளையும் அடுக்கிப் பார்த்துவிட்டு, உடல்காயத்துக்கும் எம்.எஸ்.சுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான தொடர்பு இல்லை என்று எழுதியது. மனஅழுத்தத்தைப் பற்றி அப்படி உறுதியாக எதையும் சொல்லாமல் நிறுத்திக்கொண்டது.

இதே சமயத்தில் ஸ்காட்லாந்தில் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. போலீஸ் வேன் விபத்தில் கழுத்து குலுங்கிய ஒரு காவலருக்குச் சில நாளிலேயே எம்.எஸ். அறிகுறிகள் தெரிந்தன. விபத்துதான் நோயைக் கிளப்பிவிட்டது என்று நஷ்டஈடு கேட்டார். முதல் நீதிபதி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. 2000ஆம் ஆண்டு பிரபுக்கள் சபையும் கவிழ்த்தது சரிதான் என்றது. பெரிய பெரிய நரம்பியல் நிபுணர்கள் இரண்டு பக்கமும் சாட்சி சொன்ன வழக்கு. தீர்ப்பைப் படித்தால், நிபுணர் தன் அனுபவத்தில் கண்டதாகச் சொல்வதும் ஆயிரம் பேரை எண்ணிப் பார்த்துச் சொல்வதும் ஒன்றல்ல என்று நீதிபதிகள் எவ்வளவு பொறுமையாகப் பிரிக்கிறார்கள் என்பது தெரியும். க்ளெய்ம் பிரிவில் நான் இருந்த நாட்களில் இது கையில் கிடைத்திருந்தால் ஜெராக்ஸ் எடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருப்பேன்.

அமெரிக்க அரசு தன் முன்னாள் படைவீரர்கள் விஷயத்தில் இந்த வாதத்துக்குள்ளேயே போகவில்லை. ராணுவத்தை விட்டு வந்த 7 ஆண்டுக்குள் எம்.எஸ். வெளிப்பட்டால் அது பணியோடு தொடர்புடையது என்றே எடுத்துக்கொள்வோம் என்று விதி வைத்திருக்கிறது. குண்டடி பட்டாயா, மனசு உடைந்தாயா என்று கேட்பதில்லை. அது வேறு மாதிரி நியாயம்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் மனைவியின் தங்கை. 1996ல் அவள் தாதர் ஸ்டேஷன் படிக்கட்டில் விழுந்தாள். மழைக்காலம், கூட்டம், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று மாதத்தில் இடது கால் மரத்தது, அப்புறம் ஒரு கண். எம்.ஆர்.ஐ. எடுத்ததும் டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு குடும்பத்திலும் ஆளுக்கொரு தீர்ப்பு. அவள் கணவர் ‘அந்த விழுந்ததுதான்’ என்றார். என் மாமியார், “எம் பொண்ண அந்த வீட்டுல அழ வச்சு அழ வச்சே இப்படிப் படுக்கப் போட்டுட்டாக” என்று திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கியவுடன் ஆரம்பித்தார். சம்பந்தி வீட்டில், “கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்திருக்கு, மறைச்சுக் கட்டி வச்சுட்டீங்க” என்றார்கள். ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என்னைத் தனியாகக் கேட்டாள்: “அத்தான், நான் விழுந்ததால இது வந்துச்சா, இல்ல இது இருந்ததாலதான் நான் விழுந்தேனா?”

கேள்வி என்று கேட்டால் இதுதான் கேள்வி. இத்தனை ஆராய்ச்சியாளர்கள் சுற்றி வளைத்து வந்து சேர்ந்த இடத்துக்கு அவள் நேராக வந்துவிட்டாள்.

எம்.ஆர்.ஐ. கருவியால் எம்.எஸ். தழும்புகளை முதன்முதலில் காட்டியது 1981ல், லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனைக்காரர்கள். அது வந்த பிறகுதான் ஒரு விஷயம் விளங்கியது. வெளியே தெரிகிற ஒவ்வொரு தாக்குதலுக்கும் உள்ளே சத்தமில்லாமல் பல புதிய தழும்புகள் விழுந்து ஆறுகின்றன. முதல் அறிகுறியோடு வருகிற நோயாளியின் மூளையிலேயே பலருக்குப் பழைய தழும்புகள் கிடக்கின்றன. 2017ல் கனடாவிலிருந்து வந்த ஓர் ஆய்வு, நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முந்தைய 5 ஆண்டுகளிலேயே இவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக டாக்டரிடம் போகிறார்கள் என்று காட்டியது. ஆக, முதல் அறிகுறிக்கு முன்னால் நடந்த விபத்து, நோய்க்கு முன்னால் நடந்தது ஆகாது. அவள் ரிப்போர்ட்டிலும் பழைய தழும்புகள் இருந்தன. படிக்கட்டு விடுதலையானது. ஆனால் அதே ரிப்போர்ட்டைக் காட்டித்தான் சம்பந்தி வீட்டார் ‘பார்த்தீங்களா, முன்னாடியே இருந்திருக்கு’ என்றார்கள். சத்தமில்லாத தழும்பு என்றால் அவளுக்கே தெரியாத தழும்பு என்று அர்த்தம், அவள் அப்பா அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று புரியவைக்க எனக்கும் டாக்டருக்கும் இரண்டு வருடம் ஆனது. குடும்பம் பிரியாமல் நின்றதற்கு அவள் கணவரின் குணம்தான் காரணம், என் புள்ளிவிவரம் அல்ல.

மாமியாரின் குற்றச்சாட்டுக்கு வருவோம். அதை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது. மனஅழுத்தம் பற்றிய ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது, யாரும் திட்டமிடாமல் யுத்தமே நடத்திக்கொடுத்த ஒரு பரிசோதனை. 1991 வளைகுடாப் போரில் ஈராக்கின் ஏவுகணைகள் இஸ்ரேல் நகரங்களில் விழுந்தன. ஜனங்கள் விஷவாயு முகமூடியோடு, சீல் வைத்த அறைகளில் குழந்தைகுட்டிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அங்கே 32 எம்.எஸ். நோயாளிகளைக் கவனித்து வந்த மருத்துவர்கள், தாக்குதல் எகிறும் என்று பயந்தார்கள். போரிலும் அடுத்த இரண்டு மாதத்திலும் சேர்த்து மொத்தமே 3 தாக்குதல்! வழக்கத்தைவிடக் குறைவு. 1993ல் இது வெளியானபோது பலரால் நம்ப முடியவில்லை.

2006ல் இன்னொரு போர். இஸ்ரேலுக்கும் லெபனானின் ஹிஸ்புல்லாவுக்கும் ஒரு மாதத்துக்கு மேல் நடந்தது. இந்த முறை வடக்கு இஸ்ரேலில் 156 நோயாளிகளைப் பார்த்தார்கள். போர் நாட்களில் தாக்குதல் கூடியிருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், பெய்ரூட்டில், லெபனான் மருத்துவர்களும் தங்கள் நோயாளிகளை எண்ணியிருந்தார்கள். 2010ல் அவர்களும் வெளியிட்டார்கள். அங்கேயும் கூடியிருந்தது. குண்டு போட்டுக்கொண்ட இரு தரப்பிலும் நரம்பு ஒரே மாதிரிதான் பேசியிருக்கிறது.

1991ல் குறைந்தது 2006ல் ஏன் கூடியது? திடீரென்று உயிர்ப்பயம் வரும்போது உடம்பு கார்ட்டிசாலை அள்ளி இறைக்கிறது. அது வெள்ளணுக்களின் வேகத்தை அடக்கும். எம்.எஸ். தாக்குதலுக்கு டாக்டர்கள் ஏற்றுகிற ஸ்டீராய்டும் அந்த இனம்தான். ஆனால் அழுத்தம் நாள்கணக்கில் மாசக்கணக்கில் நீடித்தால், வெள்ளணுக்கள் கார்ட்டிசாலின் அதட்டலுக்குக் காது கொடுப்பதை நிறுத்திவிடுகின்றன என்று ஒரு விளக்கம் உண்டு. எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது. ஒருநாள் கத்துகிற அப்பாவுக்கு இருக்கிற மரியாதை தினமும் கத்துகிற அப்பாவுக்கு இருப்பதில்லை, பாருங்கள். ஆனால் இரண்டு போருக்கும் உள்ள வித்தியாசத்தை இது ஒன்றே தீர்த்துவைக்கும் என்று சொல்ல மாட்டேன். 32 பேர் என்பது சின்னக் கூட்டம்.

போர் இல்லாத நாட்களிலும் பார்த்திருக்கிறார்கள். ஹாலந்தில் ராட்டர்டாமில் 73 நோயாளிகள் வாராவாரம் டைரி எழுதினார்கள். நோயைப் பற்றியதல்லாத ஏதாவது ஒரு மனக்கஷ்டம் பதிவான பிறகு, அடுத்த 4 வாரத்தில் தாக்குதல் வருகிற வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காயிற்று. அது 2003. அடுத்த ஆண்டே டேவிட் மோர் என்பவரின் குழு 14 ஆய்வுகளைச் சேர்த்துத் தொகுத்தது. 13 ஆய்வுகள் ஒரே பக்கம் கைகாட்டின. இங்கே ஓர் எச்சரிக்கை. இது சராசரிக் கணக்கு. இன்ன மாமியார் இன்ன தேதியில் சொன்ன இன்ன வார்த்தையால்தான் இன்ன தாக்குதல் வந்தது என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

இதெல்லாம் ஏற்கெனவே நோய் உள்ளவர்களைப் பற்றியது. நோயையே மனக்கஷ்டம் உண்டாக்குமா என்பது தனிக் கேள்வி. நம் வீடுகளில் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். டென்மார்க்கில் பிள்ளையைப் பறிகொடுத்த 21,062 பெற்றோரைத் தேசியப் பதிவேடுகள் மூலம் தொடர்ந்தபோது, மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அதிகமாக எம்.எஸ். கண்டது, இது 2004. டெஸ்டே இதைப் படித்திருந்தால் தலையாட்டியிருப்பார். ஆனால் 2011ல் அமெரிக்காவில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட நர்சுகளிடம் செய்த ஆய்வில், வீட்டிலும் வேலையிலும் உள்ள மனஅழுத்தத்துக்கும் எம்.எஸ். வருவதற்கும் தொடர்பு தென்படவில்லை. 2022ல் நார்வேயில் சின்ன வயதில் கொடுமைப்படுத்தப்பட்ட பெண்களுக்கு மறுபடி கூடுதலாகத் தெரிந்தது. தராசு இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.

மனஅழுத்தத்தைக் குறைத்தால் நோய் குறையுமா? அதே டேவிட் மோர் குழு 121 பேரை வைத்துச் சோதித்து 2012ல் வெளியிட்டது. 24 வாரம் மனஅழுத்தத்தைக் கையாளப் பயிற்சி பெற்றவர்களில் சுமார் 77 சதவீதம் பேருக்கு எம்.ஆர்.ஐ.யில் புதிய அழற்சி தோன்றவில்லை. பயிற்சி பெறாதவர்களில் அது 55 சதவீதம். பயிற்சி நின்றதும் பலனும் நின்றுபோயிற்று. மருந்துக்குப் பதிலாக இதை யாரும் சிபாரிசு செய்யவில்லை. மருந்தை நிறுத்திவிட்டுத் தியானத்தில் உட்கார்ந்துவிடுகிற நம்மவர்களுக்காகத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

‘அலுங்காம குலுங்காம வச்சுக்கணும்’ என்று நோயாளியைக் கட்டிலோடு கட்டிவைக்கிற பழக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1890ல் ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் உட்ஹாஃப், உடற்பயிற்சிக்குப் பின் சில நோயாளிகளுக்குப் பார்வை மங்குவதைக் கண்டு எழுதினார். உழைப்பு ஆகாது என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. பிற்பாடுதான் தெரிந்தது, காரணம் உழைப்பு அல்ல, உடம்புச் சூடு என்று. உறை தேய்ந்த நரம்பில் சூடு ஏறினால் செய்தி தடுக்கும். உடம்பு குளிர்ந்தால் பழையபடி ஆகிவிடும். புதிய தழும்பு எதுவும் விழுவதில்லை. மும்பை அக்டோபர் வெயிலில் லோக்கலில் நின்று வந்தவளுக்கு வீட்டுக்கு வந்ததும் கால் துவள்வது இந்தக் கணக்கில் சேர்ந்ததாக இருக்கலாம். ஒரு நாளைக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் போகவேண்டும். 1996ல் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஜாக் பெட்டாஜன் குழு நோயாளிகளை 15 வாரம் முறையாக உடற்பயிற்சி செய்ய வைத்தது. பலம் கூடியது, மனசு தெளிந்தது, நோய் மோசமாகவில்லை. நூறு வருடம் படுக்கையில் போட்டது வீண்.

இந்த மும்பை நகரத்துக்கும் இக்கதையில் இடம் உண்டு. இந்தியாவில் எம்.எஸ். அபூர்வம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், பார்சிகளிடையே அது கணிசமாக இருப்பதை நோஷிர் வாடியா போன்ற மருத்துவர்கள் இங்கிருந்துதான் காட்டினார்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா 1985ல் இங்கேதான் தொடங்கியது. 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தில் இந்நோயின் பெயர் இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்ந்தது.

2022ல் வந்த ஒரு பெரிய ஆய்வு விஷயத்தை வேறு பக்கம் திருப்பியிருக்கிறது. அமெரிக்க ராணுவத்தினர் ஒரு கோடிப் பேருக்கு மேற்பட்டவர்களின் பதிவுகளையும் சேமித்த ரத்தத்தையும் பார்த்ததில், எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் அபாயம் 32 மடங்கு கூடியது தெரிந்தது. அந்த வைரஸ் இல்லாத பெரியவர்களைப் பார்ப்பது அரிது. எல்லாருக்கும் தொற்றுகிறது, மிகச் சிலருக்குத்தான் நோய். மிச்சத்தைத் தீர்மானிப்பது எது என்ற தேடலில் பழைய சந்தேக நபர்கள் சிலர் திரும்ப வந்திருக்கிறார்கள். 2017ல் ஸ்வீடனில் 7,292 நோயாளிகளின் பழைய ஆஸ்பத்திரிப் பதிவுகளைப் பார்த்ததில், 10 வயதுக்குள் பட்ட தலையடிக்குத் தொடர்பில்லை. ஆனால் 11 முதல் 20 வயதுக்குள் ஒருமுறைக்கு மேல் மூளை குலுங்க அடிபட்டவர்களுக்கு அபாயம் இரு மடங்குக்கு மேல். படிக்கட்டில் விழுந்த முப்பது வயதுக்காரிக்கு அது பொருந்தாது. ஹெல்மெட் இல்லாமல் பைக் ஓட்டுகிற பதினேழு வயதுப் பையனுக்குப் பொருந்துமா என்பதை இந்தியக் கணக்குகள்தான் சொல்ல வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் எம்.எஸ். நோயாளிகளுக்கான தேசியப் பதிவேடு அண்மை ஆண்டுகளில்தான் தொடங்கியிருக்கிறது.